ஓடுபாதையில் கிடக்கும் ஓர் ஆணி

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கட்டுநாயக்க விமான நிலையத்துடன் தொடர்பில்லாத ஒரு குடும்பத்தைக் காண்பது அரிது. பிள்ளைகளைக் கண்ணீருடன் வழியனுப்பிய இடமும், வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகளை முதன்முதலாகக் கண்ட இடமும் பல பெற்றோருக்கு அதுவாகவே இருக்கிறது. இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ, சென்னை, சிங்கப்பூர் என்று எந்தத் திசையில் உறவுகள் சிதறியிருந்தாலும் அவர்களின் பயணம் ஏதோ ஒரு காலகட்டத்தில் அந்த ஓடுபாதையைத் தொட்டே சென்றிருக்கும்.

அதனால் விமான நிலையத்தைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். குடிவரவுப் பகுதியில் நிற்கும் நீண்ட வரிசை, சுங்க அதிகாரிகளின் கேள்விகள், வெளியே வந்ததும் சூழ்ந்துகொள்ளும் வாடகைக் கார்காரர்கள், தேநீர் ஒன்றுக்குக் கொடுக்க வேண்டிய விலை என்று முறைப்பாடுகளுக்குக் குறைவில்லை. ஆனால், நாம் ஒருபோதும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. நம்மை ஏற்றிச்செல்லும் விமானம் ஓடப்போகும் அந்த 3,350 மீற்றர் நீளப் பாதையை இன்று காலையில் யார் பார்த்தார்கள்? அதில் ஓர் ஆணியோ, ஒரு கூழாங்கல்லோ, ஒரு பயணப்பெட்டியின் உடைந்த சக்கரமோ கிடக்கவில்லை என்பதை யார் உறுதிசெய்தார்கள்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

விமானத்துறையினர் ஓடுபாதையிலும் தரிப்பிடத்திலும் அநாவசியமாகக் கிடக்கும் உதிரிப் பொருட்கள் அனைத்தையும் ஒரே பெயரால் அழைத்து, ஆங்கில எழுத்துக்களின் சுருக்கமாக எவ்.ஓ.டி. என்கிறார்கள். திருத்த வேலை செய்தவர் மறந்துவிட்ட திருகாணி, கொன்கிறீற் விளிம்பிலிருந்து உடைந்த துண்டு, காற்றில் பறந்துவந்த பொலித்தீன் பை, உணவு வண்டியிலிருந்து விழுந்த கரண்டி, வெடித்த ரயரின் கிழிசல், அடிபட்டு இறந்த பறவையின் உடல் ஆகிய எல்லாமே இந்தப் பட்டியலில் அடங்கும். வீதியில் கிடந்தால் காலால் தள்ளிவிட்டுச் செல்லக்கூடிய பொருட்களே இவை. ஓடுபாதையில் கிடக்கும்போது அவற்றின் குணம் மாறிவிடுகிறது.

ஜெட் இயந்திரம் முன்னாலிருந்து பெருமளவு காற்றை உறிஞ்சி இயங்குவது. அந்தக் காற்றோடு தரையில் கிடக்கும் சிறு பொருளும் உள்ளே இழுக்கப்படலாம். உள்ளே மிகுந்த வேகத்தில் சுழலும் தகடுகளில் ஒரு திருகாணி மோதினால் அந்தத் தகடு வளையும் அல்லது உடையும். உடைந்த துண்டு அடுத்த தகட்டைத் தாக்கும். போயிங் 737 போன்ற விமானங்களில் இயந்திரம் தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீற்றர் உயரத்திலேயே தொங்குகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் ஆபத்தின் அண்மை புரியும். பெரிய விமானத்தின் ரயரில் உள்ள காற்றழுத்தம் நமது காரின் ரயரில் உள்ளதைப் போன்று சுமார் ஆறு மடங்காகும். அவ்வளவு அழுத்தமும் பல தொன் பாரமும் சுமந்து உருளும் ரயர் கூரிய உலோகத்தின் மீது ஏறினால் அது வெறுமனே காற்றிறங்குவதில்லை, குண்டுபோல வெடிக்கிறது.

அப்படி வெடித்தால் என்ன நேரும் என்பதை உலகம் 2000 ஆம் ஆண்டு ஜூலை 25 ஆம் திகதி பாரிஸில் கண்டது. சார்ள்ஸ் டி கோல் விமான நிலையத்திலிருந்து நியூயோர்க் நோக்கிப் புறப்பட்ட எயார் பிரான்ஸ் நிறுவனத்தின் கொன்கோர்ட் விமானம், ஓடுபாதையில் மணிக்கு 300 கிலோமீற்றரைத் தாண்டிய வேகத்தில் விரைந்துகொண்டிருந்தபோது ஓர் உலோகப் பட்டியின் மீது ஏறியது. டைட்டானியத்தாலான அந்தப் பட்டியின் நீளம் சுமார் 43 சென்ரிமீற்றர். ரயர் கிழிந்து, அதிலிருந்து பிய்ந்த நாலரைக் கிலோகிராம் எடையுள்ள துண்டு இறக்கையின் அடிப்பகுதியைத் தாக்கியது. எரிபொருள் தாங்கி உடைந்து தீப்பற்றியது. இரண்டு நிமிடங்கள்கூட ஆகாத நிலையில் விமானம் கொனெஸ் என்ற சிறு நகரில் ஒரு ஹோட்டலின் மீது வீழ்ந்தது. விமானத்திலிருந்த 109 பேரும் தரையிலிருந்த 4 பேருமாக 113 பேர் மாண்டனர். மனித அறிவின் உச்சமென்று போற்றப்பட்ட அந்த விமானம் மூன்றே ஆண்டுகளில், 2003 இல், சேவையிலிருந்து முற்றாக ஓய்வுபெற்றது.

அந்தப் பட்டி எங்கிருந்து வந்தது? கொன்கோர்ட்டுக்கு ஐந்து நிமிடங்களுக்கு முன்னர் அதே ஓடுபாதையிலிருந்து புறப்பட்டுச் சென்ற கொன்ரினென்ரல் எயார்லைன்ஸ் நிறுவனத்தின் டி.சி.10 விமானத்தின் இயந்திர மூடியிலிருந்து அது கழன்று விழுந்திருந்தது. அந்தப் பட்டி பதினாறு நாட்களுக்கு முன்னர்தான் ஹூஸ்டனில் மாற்றிப் பொருத்தப்பட்டது. உற்பத்தியாளர் விதித்த முறைப்படி அது செய்யப்படவோ பொருத்தப்படவோ இல்லை என்று பிரெஞ்சு விசாரணையாளர்கள் கண்டறிந்தனர்.

விபத்து நடந்த நாளில் பிற்பகலில் நடைபெற்றிருக்க வேண்டிய ஓடுபாதைப் பரிசோதனை, தீயணைப்பு ஒத்திகை ஒன்றின் காரணமாக நடைபெறவில்லை என்பதும் தெரியவந்தது. அதைப் பற்றிப் பலர் எழுதினார்கள். ஆனால், சற்று நிதானித்து யோசித்தால் அந்தப் பரிசோதனை உரிய நேரத்தில் நடந்திருந்தாலும் பட்டியைக் கண்டிருக்க முடியாது. ஏனென்றால் பட்டி விழுந்தது ஐந்து நிமிடங்களுக்கு முன்னர்தான். நாளொன்றுக்கு மூன்று முறை அல்ல, மணிக்கொரு முறை பார்த்திருந்தாலும் அது தப்பியிருக்கக்கூடும். இதிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம், பரிசோதனை வேண்டியதில்லை என்பதல்ல. பொறுக்கி எடுப்பது இரண்டாவது காவல். விழாமல் பார்த்துக்கொள்வதே முதற்காவல் என்பதுதான். திருகாணியை முறையாக முடுக்குகிற கையில்தான் ஓடுபாதையின் தூய்மை தொடங்குகிறது.

இந்த விவகாரத்தின் நீதிமன்றக் கதையும் கவனத்துக்குரியது. 2010 டிசம்பரில் பிரெஞ்சு நீதிமன்றம் ஒன்று அந்த அமெரிக்க விமான நிறுவனத்தையும் பட்டியைப் பொருத்திய தொழிலாளி ஒருவரையும் குற்றவாளிகளாகக் கண்டது. 2012 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் குற்றத்தீர்ப்பை நீக்கியது. கொன்கோர்ட்டின் ரயர்கள் முன்னரும் வெடித்து இறக்கையைச் சேதப்படுத்திய சம்பவங்கள் உண்டு. 1979 இல் வாஷிங்டனில் நிகழ்ந்தது அவற்றில் ஒன்று. அப்படியிருக்க, கடைசியில் பெயர் சொல்லப்பட்டுக் கூண்டில் நிறுத்தப்பட்டவர்களுள் ஸ்பனர் பிடித்த ஒரு மனிதனும் இருந்தான். பெரிய அமைப்புகளின் தவறுகள் யாவும் சிறிய மனிதன் ஒருவனின் தலையில் வந்து இறங்குவது உலக வழமை. இந்தக் கருத்துக்குப் பின்னர் திரும்பி வருவோம்.

இனி நம்முடைய நாட்டுக்கு வருவோம். 1944 ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் 14 ஆவது இணைப்பு விமான நிலையங்களின் தரத்தை வகுக்கிறது. ஓடுபாதையின் மேற்பரப்பில் விமானத்துக்குச் சேதம் விளைவிக்கக்கூடிய உதிரிப் பொருட்கள் இருத்தலாகாது என்று அது கூறுகிறது. பெரிய விமான நிலையங்களில் ஓடுபாதையை நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டு தடவைகள் பரிசோதிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. கட்டுநாயக்கவை நடத்துவது விமான நிலைய மற்றும் விமான சேவைகள் நிறுவனம். அதைக் கண்காணிப்பது சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. விதிகளும் நிறுவனங்களும் நமக்கு இல்லாமல் இல்லை.

ஆனால், கட்டுநாயக்கவில் இருப்பது ஒரேயொரு ஓடுபாதை என்பதை மறந்துவிடலாகாது. சாங்கியிலோ ஹீத்ரோவிலோ ஒரு பாதையில் ஏதோ கிடப்பதாக ஐயம் எழுந்தால் விமானங்களை மற்றப் பாதைக்குத் திருப்பலாம். இங்கே அது முடியாது. 2017 ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஓடுபாதையைப் புதுப்பிப்பதற்காக நாளாந்தம் காலை 8.30 மணியிலிருந்து மாலை 4.30 மணி வரை அது மூடப்பட்டபோது நாட்டின் விமானப் போக்குவரத்து முழுவதுமே இரவுக்கு மாற்றப்பட்டதைப் பயணிகள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரே பாதை என்றால் ஒவ்வொரு பரிசோதனையும் இரண்டு விமானங்களுக்கு இடையில் கிடைக்கும் சில நிமிடங்களுக்குள் நடந்து முடிய வேண்டும். போக்குவரத்து பெருகப் பெருக அந்த இடைவெளி சுருங்கும். அவசரமும் தூய்மையும் ஒன்றாக வாழ்வதில்லை என்பது வீட்டுச் சமையலறை முதல் விமான நிலையம் வரை பொருந்தும் உண்மை.

இன்னொன்றும் உண்டு. உதிரிப் பொருட்கள் மிகுதியாகத் தோன்றும் இடங்களில் முதன்மையானது கட்டுமானப் பணி நடைபெறும் இடமாகும். கட்டுநாயக்கவின் இரண்டாவது முனையத்துக்கான பணி ஜப்பானின் கடனுதவியுடன் 2020 இல் தொடங்கி, 2022 இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்ததும் நின்றுபோனது. அத்தகைய பணி முழுவேகத்தில் நடக்கும் காலத்தில் லொறிகளின் சக்கரங்களில் ஒட்டிவரும் கல்லும், கம்பித் துண்டும், சீமெந்துப் பையின் கடதாசியும் விமானங்கள் நடமாடும் பகுதிக்குள் வராமல் தடுப்பது ஒப்பந்தத்தின் ஒரு பிரிவாகவே இருக்க வேண்டும். கண்ணாடி மாளிகையின் அழகைப் பற்றிப் பேசும் அமைச்சர்கள் லொறியின் சக்கரத்தைக் கழுவும் ஏற்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசினால் நன்று.

நாட்டில் தலைக்கு மேல் ஆயிரம் பிரச்சினைகள் இருக்க, ஓர் ஆணியைப் பற்றி இவ்வளவு பேச்சா என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். உதிரிப் பொருட்களால் உலக விமானத்துறைக்கு ஆண்டொன்றுக்கு 4 பில்லியன் டொலர் வரை இழப்பு ஏற்படுகிறது என்பது அத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒரு மதிப்பீடு. இதில் பெரும்பகுதி விபத்தினால் வருவதல்ல. பழுதான இயந்திரத்தைத் திருத்துவதும், விமானம் பறக்காமல் நிற்பதுமே அந்தச் செலவு. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2023 இல், வேறு காரணங்களால், இயந்திரங்கள் கிடைக்காமல் சில விமானங்களைப் பறக்கவிட முடியாது தவித்தபோது பயணிகள் பட்ட அல்லலை நாம் கண்டோம். மாற்று இயந்திரம் வைத்திருக்க வசதியில்லாத நாட்டுக்குத்தான் ஆணியைப் பற்றிய கவலை அதிகம் வேண்டும். செல்வந்தனுக்கு அது செலவு. கடனாளிக்கு அது சேவையே நின்றுபோதல்.

இந்த விடயத்தில் பயணிகளாகிய நமக்கும் பங்குண்டு. வெள்ளவத்தை காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் பயணத்துக்கு முந்திய இரவில் நடைபெறும் பொதிகட்டலை அறியாதவர் யார்? மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் பலகாரமும் நிறைத்து, சிப் பூட்டாத பெட்டியை நைலோன் கயிற்றால் நான்கு சுற்றுச் சுற்றி, பிளாஸ்டிக் பட்டிகளால் இறுக்கி, சிறிய பூட்டொன்றையும் தொங்கவிட்டு அனுப்புகிறோம். விமானத்தின் வயிற்றுக்கும் பொதி வண்டிக்கும் இடையே அந்தப் பெட்டி பலமுறை எறியப்படுகிறது. கழன்ற சக்கரம், அறுந்த கயிறு, உடைந்த பூட்டு ஆகியவை விழும் இடம் விமானம் நிற்கும் தரை. உலகெங்கும் தரிப்பிடங்களில் பொறுக்கப்படும் பொருட்களில் பயணப்பெட்டிகளின் பாகங்களுக்கு நிலையான இடமுண்டு. பழைய பெட்டியின் ஆடும் சக்கரத்தைப் புறப்படும் முன் கழற்றிவிடுவது ஒரு நிமிட வேலை.

நம்பிக்கைகளும் இதில் குறுக்கிடுகின்றன. 2017 இல் ஷங்காய் நகரில் எண்பது வயது மூதாட்டி ஒருவர் பயணம் நலமாக அமைய வேண்டுமென்று விமானத்தின் இயந்திரத்தை நோக்கி நாணயங்களை வீசினார். ஒரு நாணயம் உள்ளே சென்றுவிட்டது. பயணிகளை இறக்கி, இயந்திரத்தைச் சோதித்து, விமானம் பல மணித்தியாலங்கள் தாமதமாகவே புறப்பட்டது. அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னர் நமது வழக்கங்களையும் எண்ணிப்பார்க்க வேண்டும். 2019 ஒக்டோபரில் இந்தியப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் பிரான்ஸில் ரபேல் போர் விமானத்தைப் பொறுப்பேற்றபோது அதன் சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழங்கள் வைக்கப்பட்டதை உலகமே பார்த்தது. பூசையில் தவறில்லை. பூசை முடிந்த பின்னர் எலுமிச்சம்பழத்தை அகற்றும் பொறுப்பு யாருடையது என்பதே கேள்வி.

விமான நிலையத்தின் வேலிக்கு வெளியே நடப்பதும் உள்ளே வந்து சேரும். வெள்ளவத்தையிலிருந்து தெற்கே சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள இரத்மலானை விமான நிலையத்துக்கு அருகில்தான் கரதியான குப்பைமேடு இருக்கிறது. குப்பை இருக்கும் இடத்துக்குப் பறவைகள் வரும். காற்றடித்தால் பொலித்தீன் பறக்கும். விமான நிலையங்களுக்கு அண்மையில் பட்டம் விட வேண்டாமென்று விமானப்படையும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையும் பல தடவைகள் வேண்டுகோள் விடுத்துள்ளன. அறுந்த பட்டத்தின் நூல் எங்கே போய் விழும் என்று அதை விட்ட சிறுவனுக்குத் தெரியாது. தெரிந்த பெரியவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இப்போது, நான் முக்கியமாகக் கருதும் விடயத்துக்கு வருகிறேன். ஆடிவேல் விழாவின்போது செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கித் தேர் நகர்ந்து சென்ற பின்னர் வீதியெங்கும் தேங்காய்ச் சிதறல்கள் கிடக்கும். சில மணித்தியாலங்களில் அவை அகன்றுவிடும். அகற்றியவர்களின் பெயரை யாரும் கேட்பதில்லை. ஈய எழுத்துக்களைக் கோத்துப் பத்திரிகை அச்சிட்ட காலத்திலும் அப்படித்தான். தரையில் விழுந்த ஓர் எழுத்து இயந்திரத்துக்குள் போய்விட்டால் அன்றைய பத்திரிகையே நின்றுவிடும். ஆயினும், அச்சுக்கூடத்தின் தரையைக் கூட்டியவருக்குத்தான் சம்பளம் மிகக் குறைவு. பெருக்குதல் என்பதைத் தாழ்ந்த தொழிலாகப் பார்க்கும் சமூகத்தில் ஓடுபாதையைத் துப்புரவாக்குவது ஓர் உயர்ந்த பாதுகாப்புப் பணி என்பதை நம்பவைப்பது எளிதல்ல.

அமெரிக்கக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல்களில் ஒரு வழக்கம் உண்டு. விமானங்கள் பறக்கத் தொடங்குவதற்கு முன்னர் மாலுமிகள் பதவி வேறுபாடின்றித் தோளோடு தோள் சேர வரிசையாக நின்று, தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குனிந்து பார்த்தபடி நடப்பார்கள். கண்ணில் படும் சிறு கம்பித் துண்டையும் பொறுக்கி எடுப்பார்கள். இதற்குப் பெரிய செலவு எதுவுமில்லை. குனியத் தயாரான முதுகுகள் மட்டுமே வேண்டும். நமது விமான நிலையங்களில் பணிப்பாளரும் பொறியியலாளரும் மாதத்தில் ஒரு தடவையாவது பொதி தூக்கும் ஊழியருடன் தரிப்பிடத்தில் இவ்வாறு நடந்தால் அது ஆயிரம் சுற்றறிக்கைகளுக்குச் சமமாகும்.

அத்துடன், உண்மையைச் சொல்பவனுக்குப் பாதுகாப்பு வேண்டும். தனது ஸ்பனரைக் காணவில்லை என்று ஓர் இளம் ஊழியர் வந்து சொன்னால் விமானத்தை நிறுத்தித் தேட வேண்டியிருக்கும். அதற்காக அவருக்குத் தண்டனையும் ஏச்சும் கிடைக்குமானால் அடுத்த முறை அவர் சொல்லமாட்டார். பேசாமல் கடையில் புதிய ஸ்பனர் ஒன்றை வாங்கிவிடுவார். பழையது எங்கே கிடக்கிறது என்பதை ஓடுபாதை மட்டுமே அறியும். கொன்கோர்ட் வழக்கில் தொழிலாளியைக் கூண்டில் ஏற்றியதைப் பற்றி மேலே குறிப்பிட்டதன் காரணம் இதுவே. வேண்டுமென்றே செய்த அலட்சியத்துக்குத் தண்டனை உண்டு. மறதியை ஒப்புக்கொண்டவனுக்கு நன்றியே உரியது. இந்தப் பண்பாடு நமது அரசாங்க நிறுவனங்களில் வேரூன்றாத வரை எந்தக் கருவியும் பயன்தராது.

கருவிகளும் இருக்கின்றன. ஓடுபாதையில் கிடக்கும் சிறு பொருளையும் தானாகக் கண்டுபிடிக்கும் ராடர் முறையைக் கனடாவின் வான்கூவர் விமான நிலையம் 2006 இல் நிறுவியது. சிங்கப்பூரின் சாங்கி 2009 இல் கமராக்களின் துணையுடன் இயங்கும் முறையொன்றை ஏற்படுத்தியது. ஐந்து நிமிட இடைவெளியில் விழுந்த பட்டியைக் காணக்கூடியவை இத்தகைய முறைகளே. ஒரேயொரு ஓடுபாதையை நம்பியிருக்கும் கட்டுநாயக்கவுக்கு இது ஒருநாள் அவசியமாகும். பணம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத காரியங்களும் உண்டு. ஒவ்வொரு நாளும் பொறுக்கப்படும் பொருட்களை எண்ணி, எங்கே, எந்த வகை என்று பதிவுசெய்து, அந்தக் கணக்கை ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிடுவது அவற்றில் முதன்மையானது. எண்ணப்படாதது திருத்தப்படுவதில்லை.

வடக்கிலும் இதே கவனம் வேண்டும். பலாலி 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. பெருந்தொற்றால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமானது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ நிறுவனமும் பறக்கத் தொடங்கியது. அங்கு வந்திறங்கும் ஏ.ரி.ஆர். வகை விமானங்களின் சுழல்தகடுகள் தரையிலுள்ள சரளைக்கல்லால் எளிதில் சிதைவடையக்கூடியவை. ஓடுபாதையும் குறுகியது, தவறுக்கு இடமில்லை. பலாலியின் விரிவாக்கத்தைப் பற்றியும் அதற்காக எடுக்கப்பட்ட மக்களின் காணிகளைப் பற்றியும் நமது அரசியல்வாதிகள் பேசுகிறார்கள். பேசவும் வேண்டும். இருக்கின்ற பாதையின் விளிம்பு உடைகிறதா, கூட்டுவதற்கு வாகனமும் ஆட்களும் போதுமா என்றும் அவர்கள் கேட்கட்டும். பாராளுமன்றத்தில் அத்தகைய கேள்விக்குக் கைதட்டல் கிடைக்காது என்பது உண்மைதான்.

ஒரு விபத்து நடந்த பின்னர் ஆணைக்குழு அமைப்பதில் நமது நாடு கைதேர்ந்தது. அறிக்கைகள் அலுமாரிகளில் உறங்குவதும் புதிதல்ல. விபத்து நடக்காமல் கழிந்த நாளுக்கு அறிக்கை கிடையாது. அந்த நாளை நமக்குத் தந்தவர்களுக்குப் பதக்கமும் கிடையாது. விடியற்காலையில் மஞ்சள் மேலங்கி அணிந்து, குனிந்து, ஓர் ஆணியைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகும் அந்த ஊழியரின் சம்பளத்தையும் பயிற்சியையும் மரியாதையையும் உயர்த்துவதே இந்த நாடு விமானப் பாதுகாப்புக்காகச் செய்யக்கூடிய மிக மலிவான முதலீடு. அதைச் செய்வதற்கு எந்த வெளிநாட்டின் கடனும் தேவையில்லை.